ஜீப் ஏறும் மலைப்பாதையும் யூட் மக்களின் காணியும்

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் ஹுவான் மலைகளுக்குள் ‘அல்பைன் லூப்’ என்றொரு பாதை உள்ளது. லேக் சிற்றி, சில்வர்ட்டன், யூரே ஆகிய மூன்று சிறு நகரங்களை இணைக்கும் இதன் நீளம் ஏறத்தாழ 105 கிலோமீற்றர். பெரும்பகுதி கல்லும் மண்ணும்தான். இதிலுள்ள சினமன் கணவாய் சுமார் 3,850 மீற்றர் உயரமானது; எஞ்சினியர் கணவாய் சுமார் 3,900 மீற்றர். கோடையில் பனி விலகிய சில மாதங்களுக்கே வாகனங்கள் செல்லலாம்.

நடுத்தரக் கடினம் கொண்ட பாதை என்று இதைச் சொல்வார்கள். ஆனாலும் நான்கு சில்லுகளும் இயங்கும், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வாகனம் தேவை. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், ரேபோ இல்லாத எஞ்சின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கையேனும் இழந்துவிடும். மனிதருக்கும் தலையிடி, மூச்சுவாங்கல் வரலாம். இறங்கும்போது பிறேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எனவே தாழ்ந்த கியரில் விட்டு, எஞ்சினே வேகத்தை அடக்கும்படி இறங்க வேண்டும். ஒரு வாகனம் மட்டுமே செல்லக்கூடிய இடங்களில் ஏறி வருபவருக்கே முன்னுரிமை. பிற்பகலில் இடிமின்னல் வழக்கம் என்பதால் மதியத்துக்கு முன் கணவாயைக் கடப்பது நல்லது. பாதையை விட்டு விலகக்கூடாது; மரமற்ற அந்த உயரத்தில் சில்லில் நசிந்த புற்பூண்டுகள் மீள முளைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இவ்வளவு உயரத்தில் பாதை வந்தது சுற்றுலாவுக்காக அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளியும் பொன்னும் தோண்டியவர்கள், கோவேறு கழுதைகளிலும் வண்டிகளிலும் தாதுவை இறக்குவதற்காக அதை வெட்டினார்கள்.

அந்த மலைகள் அதற்கு முன்னர் யூட் மக்களுடையவை. 1868 ஒப்பந்தம் மேற்குக் கொலராடோவின் பெரும்பகுதியை அவர்களுக்கென ஒதுக்கியது. பொன் தேடுவோர் அத்துமீறி நுழைந்தனர். அவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக, அரசு 1873இல் ‘புரூனோ ஒப்பந்தம்’ மூலம் சான் ஹுவான் மலைகளையே எழுதி வாங்கியது. 1881இல் அன்கொம்பாக்ரே யூட் மக்கள் யூட்டா பிரதேசத்துக்கு வெளியேற்றப்பட்டனர். யூரே நகரம் அவர்களின் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மனைவி சிப்பேற்றாவோ வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர்.

தோண்டியவர்களும் நிலைக்கவில்லை. சுமார் 3,400 மீற்றர் உயரத்திலுள்ள அனிமஸ் ஃபோர்க்ஸ் 1920களில் ஆளற்றுப் போனது. கூரையுடன் நிற்கும் வெற்று வீடுகளை இன்று பயணிகள் படம்பிடிக்கின்றனர். ஆனால் சுரங்கங்களின் நஞ்சு எஞ்சியிருக்கிறது. 2015 ஓகஸ்ட் 5 அன்று, கைவிடப்பட்ட கோல்ட் கிங் சுரங்கத்தில் அரச சுற்றாடல் முகவரகத்தின் பணியின்போது அடைப்பு உடைந்து, ஒரு கோடி லீற்றருக்கும் அதிகமான கழிவுநீர் பாய்ந்தது. அனிமஸ் ஆறு செம்மஞ்சளாக மாறியது. கீழே, நவஹோ மக்களின் வயல்களுக்குப் போகும் நீர் நிறுத்தப்பட்டது.

ஒன்று மட்டும் அழியவில்லை. 1873 ஒப்பந்தத்தில், விற்ற நிலத்தில் வேட்டையாடும் உரிமை தமக்குத் தொடரும் என்று யூட் மக்கள் ஒரு விதியை எழுதுவித்திருந்தார்கள். தென்மேற்குக் கொலராடோவில் எஞ்சியுள்ள இரண்டு யூட் சமூகங்கள் அந்த விதியைக் காட்டியே இன்றும் அந்த மலைகளில் வேட்டையாடுகின்றன. நிலம் கைமாறி ஒன்றரை நூற்றாண்டாகியும், எழுத்தில் வைத்த உரிமை அவர்களிடம் இருக்கிறது.