கவசத்தைக் கழற்றும்போதுதான் கண்டம்

எபோலா நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்து கவச உடையைக் கழற்றும் நேரமும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. உடையின் வெளிப்புறம் முழுக்கக் கிருமி இருக்கலாம். அது தோலில் படாமல் ஒவ்வொன்றாக உரித்தெடுக்க வேண்டும்.

2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது, மற்ற பெரியவர்களைவிட மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அப்படித் தொற்றியவர்களில் பாதிக்கு மேல் செவிலியர்களும் அவர்களுடைய உதவியாளர்களும். தொடக்கத்தில் பல இடங்களில் கையுறைக்கே பஞ்சம். முழுக் கவசம் வந்து சேர்ந்த இடங்களில் வேறு சங்கடம்.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றுப் புகாத உடைக்குள் அது ஆவியாக வழியில்லை, பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கும். உடல் சூடேறிக்கொண்டே போகும். கண்ணாடி மங்கும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது, மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் அங்குள்ள சிகிச்சை மையங்களில், உள்ளே போனவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். தலை கிறுகிறுக்க வெளியே வருபவர் இனிமேல்தான் நுணுக்கமான வேலையைத் தொடங்க வேண்டும். எதிரே ஒருவர் நின்று படிப்படியாகச் சொல்வார்: "கையைக் குளோரின் தண்ணியில கழுவுங்க. இப்ப கண்ணாடி. கண்ணை மூடிக்குங்க. மறுபடி கை." களைத்த மூளையை அதன் போக்கில் விடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் செவிலியர் இருவருக்குத் தொற்றிய பிறகு, அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2014 அக்டோபரில் இத்தகைய கண்காணிப்பாளர் கட்டாயம் என்றது.

இது எபோலாவோடு நிற்கும் கதையுமல்ல. 2015இல் வெளியான ஓர் ஆய்வு: ஒஹாயோ மாநில மருத்துவமனைகளில் பணியாளர்களின் கையுறையிலும் மேலங்கியிலும் ஒளிரும் களிம்பைப் பூசி, வழக்கம்போலக் கழற்றச் சொன்னார்கள். 435 ஒத்திகைகளில் 46 சதவீதத்தில் களிம்பு தோலிலோ உடுப்பிலோ ஒட்டியிருந்தது. நோயாளியே இல்லாத ஒத்திகையில் இந்தக் கதி! பயிற்சி கொடுத்த பின் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்தது.

பயிற்சி சரி, ஆள் வேண்டுமே. ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் உடுத்திக்கொண்டிருப்பார், மூன்றாமவர் கழற்றுவார், அவரைக் கவனிக்க நான்காமவர், ஓய்வில் இருப்பவர்கள் வேறு. கவச உடை வாங்கப் பணம் ஒதுக்கும்போதே இத்தனை பேருக்கும் சேர்த்து ஒதுக்கினால்தான் அந்த ஒரு மணி நேர வரம்பு நிற்கும். ஆள் குறைந்தால் முதலில் மீறப்படுவது அதுதான்.