ஸ்டீயரிங்குக்குத் தோலுறை தைப்பவரின் தொழிலுக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் நல வாரியம் ஒன்றில் பதிவு செய்ய விரும்புபவர் தம் தொழில் எது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கார் ஸ்டீயரிங்குக்குக் கையால் தோலுறை தைப்பவர் அங்கே எதை எழுதுவது? தோல் வேலை என்று எழுதினால், காலணி, தோல் பொருள் உற்பத்தி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கான வாரியம் இருக்கிறது. வாகனப் பணிமனை வேலை என்று எழுதினால், ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனம் பழுதுபார்ப்போருக்குமான வாரியம் இருக்கிறது. தையல் என்று எழுதினாலோ தையல் தொழிலாளர் நல வாரியம். மூன்று விடைகளுமே உண்மைதான். ஆனால் எதை எழுதுகிறோம் என்பதில் சமூகம் தரும் பெயரும் கூலியும் மாறிவிடுகின்றன.

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பிரம்மதேசத்தைச் சேர்ந்த தோழர் ஒருவர் இந்தக் கேள்வியுடன்தான் என்னிடம் வந்தார். வயது 24. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் உதிரி அலங்காரக் கடையொன்றில் நான்கு ஆண்டுகள் வேலை கற்று, இப்போது திண்டிவனத்தில் ஒரு சீட் கவர் பணிமனையில் துண்டுக் கூலிக்குத் தைக்கிறார். அவருடைய தந்தையும் தாத்தாவும் விவசாயக் கூலிகள். தோலைத் தொட்டு வேலை செய்தவர்கள் அல்லர். ஆயினும் அவர் இத்தொழிலுக்கு வந்ததும், 'குலத்தொழிலுக்கே திரும்பிவிட்டான்' என்று ஊரில் பேசினார்களாம். இல்லாத மரபை ஒருவர் தலையில் ஏற்றுவதற்குச் சாதிக்கு ஒரு துண்டுத் தோல் போதுமானதாக இருக்கிறது.

(ஊரின் பெயரும் இங்கே தற்செயலானதன்று. பிரம்மதேசம் என்ற பெயர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையின் நினைவு. இதே மாவட்டத்தில் எண்ணாயிரத்தை ஒட்டி இன்னொரு பிரம்மதேசமும் உண்டு. அந்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர் வேதமும் இலக்கணமும் பயில நெல்லும் பொன்னும் அளக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அவன் தந்தையின் தஞ்சைக் கல்வெட்டிலோ, வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன.)

வேலையைப் பார்ப்போம். 37 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டீயரிங் வளையத்தின் வெளிச்சுற்று ஏறத்தாழ 116 சென்டிமீட்டர். வளையத்தின் பருமன் 3 சென்டிமீட்டர் எனில், உட்சுற்று 97 சென்டிமீட்டர்தான். ஒரே தோற்பட்டை இரண்டையும் மூட வேண்டும். வெளிப்புறம் நீண்டும், இரு விளிம்புகளும் சந்திக்கும் உட்புறம் ஒடுங்கியும் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் வேறுபாட்டை ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் தோலுக்குள்ளேயே கரைப்பதில்தான் இத்தொழிலின் திறமை இருக்கிறது.

அதற்கு வளையத்தின்மேல் காகித நாடாவை ஒட்டி, மூட்டுக் கோடுகளை வரைந்து, கத்தியால் கீறி எடுத்து அச்சு தயாரிக்கிறார்கள். தோல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமனில் இருக்க வேண்டும். அதைவிடத் தடித்தால் மடங்காது, மெலிந்தால் தையலில் கிழியும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கைவியர்வை பட்டுக் கறுத்துவிடும் என்பதால், குரோமியத்தில் பதனிட்டு மேற்பூச்சுத் தந்த தோலையே தேர்கிறார்கள். அச்சைவிடச் சற்றுச் சிறிதாகவே வெட்டி, விளிம்புகளைச் சீவி மெல்லிதாக்கி, 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிடுகிறார்கள். ஒரு விளிம்புக்கு 190 துளைகள் என்றால், இரண்டு விளிம்புக்கும் 380. வளையத்தில் ஏற்றிய பிறகு மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, எதிரெதிர்த் துளைகளில் மாற்றி மாற்றி நுழைத்து இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் ஒரே விசையில் அமைய வேண்டும். ஆரக்கால்கள் சேரும் இடத்தில் தோலைக் கீறி உள்ளே செருகுவது தனிக் கலை. உறை தளர்ந்துவிட்டால் வளைவில் திருப்பும்போது கைக்குள் தோல் மட்டும் சுழலும், சக்கரம் திரும்பாது. நடுவில் காற்றுப்பை இருக்கும் மூடியின் இடுக்கில் பசையோ தோலோ புகுந்துவிடலாகாது. ஆக, தைப்பவரின் கையில் ஓட்டுபவரின் உயிரும் இருக்கிறது.

தோலைச் சுற்றி மூடிய வளையத்தைத் தையல் எந்திரத்தின் ஊசிக்கடியில் கொடுக்க வழியில்லை. அதனால்தான் பெரும் கார் நிறுவனங்களுக்கு உறை தைக்கும் ஆலைகளிலும் கடைசித் தையலைக் கைகளே போடுகின்றன.

அந்தக் கைகளுக்கு என்ன நேரும் என்பது மெக்சிகோவில் பதிவாகியிருக்கிறது. தமௌலிபாஸ் மாநிலத்தின் மத்தாமோரோஸ், வாயே எர்மோசோ நகரங்களிலிருந்த ஆட்டோ டிரிம், கஸ்டம் டிரிம் ஆலைகளில் ஸ்டீயரிங்குக்கும் கியர் குமிழுக்கும் தோலுறை ஒட்டித் தைத்த தொழிலாளர்கள் 2000 ஜூலையில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓர் அலுவலகத்தில் முறையிட்டார்கள். பசை, கரைப்பான் ஆகியவற்றின் ஆவியைச் சுவாசிக்கிறோம், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து மணிக்கட்டும் தோளும் பழுதாகின்றன, பிறக்கும் குழந்தைகளுக்கும் குறைபாடுகள் நேர்கின்றன என்பது அவர்கள் சொன்னவை. வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தின் துணை உடன்படிக்கையைப் பயன்படுத்தி, தன் பாதுகாப்புச் சட்டத்தைத் தானே நடைமுறைப்படுத்தவில்லை என்று மெக்சிகோ அரசையே அவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். 2001இல் வந்த அறிக்கை அமைச்சர் நிலைப் பேச்சுக்குப் பரிந்துரைத்தது. அபராதம் எதுவும் விதிக்கப்படவில்லை. வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தையற்காரரின் கை ஒரு தொழிலாளியின் கையாக ஆவணத்தில் ஏறியது. இங்கே அதே கை 'மரபுக் கைவினை' என்ற பெட்டிக்குள் போய்விடுகிறது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. காலணி தைப்போரும் அதில் உண்டு. குடும்ப அடிப்படையிலான மரபுத் தொழிலில் ஈடுபட்டிருப்பவர் என்பதையும், குறைந்த வயது 18 என்பதையும் தகுதியாக வைத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்த மறுத்தது. 1953இன் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் அந்த மறுப்பு சரியானதே. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் வந்த கலைஞர் கைவினைத் திட்டம் சாதியையோ குடும்பத்தையோ கேட்பதில்லை. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும் அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது.

ஆனால் அதன் வயது வரம்பும் 35தான். பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரியை விட்டு அப்பனின் தொழிலுக்குத் தள்ளப்படக் கூடாது என்பதற்கான வேலி அது. வேலியின் நோக்கத்தோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நம் பிரம்மதேசத்துத் தோழரோ தன் குடும்பத்தில் எவரும் செய்யாத ஒரு புதிய தொழிலைத் தானே தேர்ந்து கற்றவர். ஒரு திட்டம் மரபு இல்லை என்று அவரை விடுகிறது. மற்றொன்று மரபுக்குள் தள்ளப்படுவார் என்றஞ்சி விடுகிறது. அவருக்குப் பொருந்துவது தாட்கோ வழங்கும், முதலீட்டில் 35 விழுக்காடு மானியமுள்ள முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டம்.

இந்த இரட்டைத்தன்மையைச் சட்டம் அறியாததன்று. 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்ந்த 7-ஏ பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவரைச் செத்த மாட்டை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தத் தொழிலையும் வணிகத்தையும் நடத்த விடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் இவ்விரண்டையும் தண்டிக்கிறது. தோலை விட்டு வெளியேறும் உரிமையும் தோலைக் கொண்டு பிழைக்கும் உரிமையும் ஒன்றாகவே தரப்பட்டுள்ளன. 2016 ஜூலையில் உனாவில் மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்ட பின், குஜராத்தில் செத்த மாடுகளை எடுக்க மறுத்தவர்கள் முதல் உரிமையைக் கையாண்டார்கள். இரண்டாவது உரிமையைப் பற்றி நம் இயக்கங்களில் பேச்சு குறைவு. தோல் என்றாலே இழிவு என்று நாமும் விலகிக்கொண்டால், இலாபமுள்ள அலங்காரக் கடையின் முதலாளி நாற்காலி பிறருக்கும், ஊசி மட்டும் நமக்கும் என்றாகிவிடும்.

துண்டுக் கூலியில் தைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, குறைந்தபட்சக் கூலியைப் பட்டியல் தொழில்களோடு நிறுத்தாமல் எல்லா வேலைகளுக்கும் விரிக்கிறது. கூலி நிர்ணயத்தில் திறன்சாரா, பகுதித்திறன், திறன்மிகு, உயர்திறன் என்ற வகைப்பாட்டையும் வைக்கிறது. துண்டு வேலைக்கெனத் தனி வீதம் நிர்ணயிக்கப்படாத இடத்தில், நேரக் கணக்கிலான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது. ஆகவே எத்தனை ஸ்டீயரிங், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும். பணம் கைபேசி வழியாக வந்தால் அந்தப் பதிவே சான்று. திறன்மிகு வகையைக் கோரும்போது மேலே சொன்ன வேலைப்படிகளை அப்படியே எழுதிக் கொடுக்கலாம்.

வாரியப் பதிவுக்கு வருவோம். பணிமனையில் தைப்பவர் வாகனத் தொழிலாளர் வாரியத்தில் விண்ணப்பிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வீட்டிலிருந்து உறை தைத்துக் கடைக்குக் கொடுப்பவர் தோல் பொருள் வாரியத்தை நாடலாம். தொழில் என்ற இடத்தில் 'ஸ்டீயரிங் தோலுறை தைப்பவர்' என்று முழுமையாக எழுதுங்கள். 'உங்கள் தொழில் பட்டியலில் இல்லை' என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், விண்ணப்பத்தின் நகலை இணைத்து, அதன்மீது எடுத்த நடவடிக்கையை 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோருங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.