'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்!' - அலறும் சைரன், மிரட்டும் மெசேஜ்... அந்த நம்பருக்கு மட்டும் போன் போடாதீங்க!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப்தான். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்ததாகக்கூட இருக்கலாம். தம்பி காலேஜ் அசைன்மென்ட் டைப் செய்வது அதில்தான். ஷூ ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் அப்பா ஜிஎஸ்டி பில் போடுவதும், பேங்க் கணக்கு பார்ப்பதும் அதில்தான்.

ராத்திரி புதுப்படம் தேடி ஏதோ ஒரு சைட்டுக்குள் தம்பி நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். திடீரென திரை முழுக்க சிவப்பு. பக்கத்து வீடு வரை கேட்கும் சைரன். மைக்ரோசாஃப்ட் லோகோவுக்குக் கீழே, 'உங்கள் கம்ப்யூட்டர் லாக் செய்யப்பட்டது, உடனே அழைக்கவும்' என்று ஒரு டோல் ஃப்ரீ நம்பர். மவுஸை எங்கே நகர்த்தினாலும் மூடுவதற்கான பட்டனைக் காணோம்.

பெரும்பாலும் அங்கே வைரஸே இருக்காது. அது வெறும் ஒரு வெப் பேஜ். 'சி டிரைவ் ஸ்கேன் ஆகிறது' என ஓடுவது, முன்பே தயாரித்து வைத்த அனிமேஷன். பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பரே இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

முதலில் எஸ்கேப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகும், பக்கத்தை மூடிவிடலாம். மசியவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சில வீடுகளில் தலைவலி வேறு மாதிரி. பிரவுசரை மூடினாலும் திரையின் வலது ஓரத்தில் 'வைரஸ், வைரஸ்' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்தவும்' என்று எப்போதோ ஒரு சைட் கேட்டிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட கதைதான்! குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற சைட்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்குங்கள். செல்போன் குரோமிலும் இதே பட்டியல் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அறியாத எக்ஸ்டென்ஷன்களையும் தூக்கிவிடலாம்.

பயத்தில் எதையாவது டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்திருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இருக்கும் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட விடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் எடுக்கும். காசு கிடையாது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் 2017 முதல் இலவச டூல்களைத் தருகிறது.

இந்த மிரட்டல் புதிதல்ல. 'வின்ஃபிக்ஸர்' போன்ற போலி ஆன்டிவைரஸ்களை விற்ற கும்பல் மீது 2008-லேயே அமெரிக்காவில் வழக்கு பாய்ந்தது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 2012-ல் கோர்ட் விதித்த தொகை 16.3 கோடி டாலர். அன்று சாஃப்ட்வேர் விற்றார்கள், இன்று போனில் பேசுகிறார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், அப்படிப் பேசியவர்களில் பலர் நம் நாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் போலி டெக் சப்போர்ட் கால் சென்டர்களும் சிக்கின, 2023 அக்டோபரில் சிபிஐ 76 இடங்களில் நடத்திய 'ஆபரேஷன் சக்ரா-2' சோதனையில்.

போன் போட்டு, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போன்ற ஆப்பை ஏற்றி, கம்ப்யூட்டரையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லி கணக்கை முடக்குங்கள். பாஸ்வேர்டுகளையும் அந்த போனிலேயே மாற்றுங்கள், பழைய லேப்டாப்பில் வேண்டாம். பணம் போயிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் புகார் பதிவானால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், அந்த டோல் ஃப்ரீ நம்பர் மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.