அடுப்பங்கரை அக்னிக்கு ஒரு மரியாதை

ரிக் வேதத்தின் முதற் சூக்தம் அக்னிதேவனைப் போற்றுவதாகும். வேள்வியில் நாம் இடும் ஆகுதிகளைத் தேவர்களிடம் கொண்டு சேர்ப்பவன் அவனே. பூரி ஜகந்நாதர் ஆலய மடைப்பள்ளியில் இன்றும் விறகுத் தீயில், மண்பானைகளில்தான் பிரசாதம் தயாராகிறது. இல்லங்களில் எரிவாயு அடுப்பு வந்து பல்லாண்டுகள் ஆகியும், பொங்கல் திருநாளிலும் பெற்றோரின் திதியன்றும் விறகடுப்பை மூட்டும் குடும்பங்கள் உள்ளன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழியில் என் தந்தையாரின் திதி. கிராமத்து வீட்டில் சிராத்தம் குறைவின்றி நிறைவேறியது. மாலையில் வாடைக் காற்று வீசியது. வெந்நீர் காய்ச்சிய அடுப்பில் தணல் மிஞ்சியிருந்தது. எண்பத்திரண்டு வயதான என் தாயாருக்கு இதமாக இருக்கட்டும் என்று அதை இரும்புச் சட்டியில் வாரி, அவர் படுத்திருந்த அறையில் வைத்து, கதவையும் சன்னல்களையும் சாத்தினேன். புகையே இல்லையே, இதில் என்ன ஆபத்து என்று எண்ணினேன்.

சற்று நேரத்தில் மாத்திரை கொடுக்கச் சென்ற என் மனைவி அலறினாள். தாயார் தலை சுற்றுகிறது என்று முனகியபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உடனே திண்ணைக்குத் தூக்கி வந்து, மருத்துவமனைக்கு விரைந்தோம். பிராணவாயு கொடுத்த பின்னரே தெளிவு பெற்றார்.

மருத்துவர் எனக்கு விளக்கினார். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்கவும் கூடும். முப்பதாண்டுகளுக்கு மேல் வங்கியில் கணக்குகளைச் சரிபார்த்த எனக்கு, என் வீட்டு அடுப்பைச் சரிபார்க்கத் தெரியவில்லை.

என் பாட்டி நாள்தோறும் அடுப்புத் தணலை நீக்கி, சாம்பலை வாரி, சாணமிட்டு மெழுகி, கோலமிட்ட பின்னரே உறங்கச் செல்வார். அதை வெறும் ஆசாரம் என்று நினைத்திருந்தேன். தீ முற்றிலும் அடங்கியதா, அடுப்பில் விரிசல் உண்டா என்று அவர் அப்போதே பார்த்துவிடுவார் என்பது பின்னரே புரிந்தது.

மூட்டுமுன்

விறகைப் பிளந்து, மழை படாமல், தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஆறு மாதமாவது உலர்த்த வேண்டும். நன்கு காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; ஈரக் கட்டை மந்தமாக ஒலிப்பதோடு புகையும் மிகுதியாக விடும். சவுக்கு, கருவேலம், புளி ஆகியவை நன்கு எரியும். வர்ணம் பூசிய பலகை, பிளைவுட், அரளிக் குச்சி ஆகியவற்றின் புகை நஞ்சாகும். விறகுக் குவியலில் பாம்பும் தேளும் தங்கும். வெளிச்சத்தில் பார்த்தே எடுக்க வேண்டும்.

புகைபோக்கி இருப்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைக்க வேண்டும். அதனுள் படியும் கரியே தீப்பற்றக்கூடியது. போகிக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது இதையும் முடித்துவிடலாம்.

எரியும்போது

சுள்ளி, காய்ந்த தென்னம்பாளை, சிறு கற்பூரம் போதும். மண்ணெண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது. அணைந்ததுபோல் தோன்றும் தணலில் ஊற்றினால் குப்பென்று முகத்தில் பற்றும். நைலான் புடவை உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தியே நன்று. முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். ஆடவர் அங்கவஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும். ஒரு வாளி நீரும் சிறிது மணலும் அருகில் இருக்கட்டும். ஆனால் வாணலி எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல், எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டு, தட்டால் மூட வேண்டும்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். காயம் பெரிதெனில் 108-ஐ அழையுங்கள்.

அணைத்த பின்

சாம்பலுக்குள் தணல் மறுநாள் வரையிலும் கனன்றுகொண்டிருக்கும். மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடையிலோ வைக்கோற்போர் அருகிலோ கொட்டலாகாது. நீர் தெளிப்பதாயின் சற்றுத் தள்ளி நின்று சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும்; ஆவி கையைச் சுடும். குழந்தைக்குச் சாம்பிராணி போடும் தணலையும் கதவு சாத்திய அறையில் வைக்காதீர்கள். மண் அடுப்பில் விரிசல் கண்டால், அது ஆறியபின் களிமண் பூசி மெழுகுங்கள்.

மறு ஆண்டுத் திதியன்று, பிண்டப் பிரதானம் முடிந்து, அனைவரும் உணவருந்தி எழுந்தோம். கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்த தாயார் என்னை அழைத்து, "தணல் அணைஞ்சுதான்னு பார்த்தியாடா?" என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். "இன்னொரு தரம் பாரு" என்றார். எழுந்து சென்று பார்த்தேன்.