தோட்டத்து விசுவாசமும் துன்பகாலமும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழருட் கிறிஸ்தவர் சிறு தொகையினரே. பெரும்பான்மையோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர். எனினும் ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, நுவரெலியாப் பகுதிகளில் லயங்களுக்கு அணித்தாய்ச் சிற்றாலயங்கள் பல உள. பஞ்சத்தையும் நாடற்ற நிலையையும் வன்செயலையும் இம்மக்கள் தம் விசுவாசத்தைக் கொண்டு எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே ஈண்டு நமது ஆய்வுப் பொருள். துன்பத்தைப் பொறுத்தலே விசுவாசம் எனப் பக்திப் பிரசுரங்கள் கூறும். விசுவாசம் வெறும் மயக்கமருந்து என நம்முட் சிலர் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். இரு சாராரும் லயத்து வாசலைத் தாண்டி உள்ளே நோக்கவில்லை என்றே கூறவேண்டியுள்ளது. மதம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான ஆட்சேபமாகவும் ஒருங்கே அமைவதை 1844ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் மார்க்ஸே சுட்டியுள்ளார். அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் இரண்டாவது பகுதியை மறந்துவிடுகின்றனர்.

தோட்டங்களிற் கிறிஸ்தவம் துரைமாரின் இசைவோடு நுழைந்த சமயமாகும். 1854ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களைக் கொண்டு கோப்பித் தோட்டங்களிற் போதித்தது. தோட்ட முதலாளிகளின் நன்கொடையும் அதற்குத் துணைநின்றது. அதன் பெயரே அக்கால மனப்பாங்கிற்குப் போதிய சான்று. தோட்டம் தனியார் நிலம். துரை விரும்பாவிடின் உபதேசியார் உள்ளே கால்வைத்தல் இயலாது. இத்தகைய சூழலிற் பணிவும் பொறுமையும் முதன்மை பெற்றதில் வியப்பில்லை. 1878இல் டிக்கோயாவில் எழுந்த வோர்லி ஆலயம் பிரித்தானியத் தோட்டக்காரரின் உலகைச் சார்ந்தது. எனினும் மிஷன் கல்வியும் உடன் வந்தது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி 1892இல் மெதடிஸ்தப் பாடசாலையாகத் தொடங்கியதே. எழுத்தறிந்தவன் கணக்கப்பிள்ளையின் செக்றோலையும் வாசிக்கத் தொடங்குவான் என்பதைத் துரைமார் எண்ணிப் பார்த்திருப்பரா என்பது ஐயமே.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை அவர்களைக் கேளாமலே வகுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். தாயகம் திரும்புவோர் எனப்பட்டவரை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பிரிவோர் யன்னலினூடே கைபற்றி அழுதமையால் வந்த பெயர் அது.

இங்கு ஒரு கருத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஒப்பாரி என்பது வெறும் அழுகையன்று. இழந்ததன் அருமையைக் கூறி, இழப்புக்குக் காரணமானவரை ஏசி, தெய்வத்தையே வழக்குக்கு இழுக்கும் வடிவம் அது. விவிலியத்தின் புலம்பல் ஆகமமும் சங்கீதங்களுட் கணிசமானவையும் இதே இயல்பின. யோபு தனக்கு நேர்ந்ததை நியாயமென ஏற்க மறுத்து இறைவனோடு வாதிடுகிறான். அவன் துன்பத்துக்கு அவனது பாவமே காரணமென விளக்கிய நண்பர்கள்தாம் இறுதியிற் கண்டிக்கப்படுகின்றனர். ஆகவே முறையிடுதல் அவிசுவாசம் என்னும் போதனை விவிலியத்திற்கே முரணானது. ஒப்பாரியிற் பழகிய தோட்டப்புறப் பெண்கள் இதனை இறையியற் கல்லூரி செல்லாமலே அறிந்திருப்பர் எனலாம்.

1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சம் இவ்விசுவாசத்தைக் கடுமையாகச் சோதித்தது. உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏற, அரசு பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்தவர்க்கு மரவள்ளி நடுவதற்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது, லயத்தவர்க்கு அதுவுமில்லை. வேலைநாட்கள் குறையக் கூலியும் குறைந்தது. தோட்டப்புற இறப்பு வீதம் நாட்டின் சராசரியை விஞ்சி உயர்ந்தது. வாக்கற்றவரின் பசி எந்தத் தொகுதியின் முடிவையும் மாற்றவல்லதன்று என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைத் தேசியமயமாக்கியபோது சில பகுதிகளிற் தொழிலாளர் விரட்டப்பட்டனர். முற்போக்கெனக் கொண்டாடப்பட்ட நடவடிக்கையின் மறுபக்கம் இது. நாம் இதனை மறைத்தலாகாது.

அக்காலத்தே கிறிஸ்தவருட் சிலர் கஞ்சி வார்ப்பதோடு நின்றுவிடவில்லை. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே வாழ்ந்து பணிபுரிந்த இல்லமாகும். தோட்ட மக்களின் கூலி, வசிப்பிடம், குடியுரிமை ஆகியவற்றை ஆராய்ந்து எழுதுவதும் அங்கு விசுவாசத்தின் கடமையாயிற்று. அதே ஆண்டு கண்டி ஆயர் லியோ நாணயக்கார, வசதிமிக்க மறைமாவட்டத்தை விடுத்துத் தாமே விரும்பிப் புதிய பதுளை மறைமாவட்டத்தின் ஆயரானார். 1958இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை பிற சமயத்தாரையும் மார்க்சியரையும் உள்ளடக்கியது. மேதினத்தையொட்டிய அதன் தொழிலாளர் வழிபாடு உழைப்பையே காணிக்கையாக்கியது. 1979இல் வென்னப்புவையில் நடைபெற்ற ஆசிய இறையியலாளர் மாநாட்டில் அலோசியஸ் பீரிஸ் ஆசியாவின் வறுமையையும் சமய உணர்வையும் பிரித்து நோக்கலாகாதென வாதிட்டார். பிற சமயத்தார் நடுவே வாழும் தோட்டத்துக் கிறிஸ்தவருக்கு இது நாளாந்த அனுபவம்.

1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்கள் வேறொரு விடையை வேண்டின. 1983 யூலையில் இங்கிலாந்திலிருந்த குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க நாடு திரும்பி, பாதிக்கப்பட்டோரைக் கண்டு, தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காகச் சிங்கள மக்கள் வெட்கித் தலைகுனியவேண்டும் எனும் கருத்தைத் தம் மறைமாவட்ட உரையில் வெளிப்படையாகக் கூறினார்; அவ்வாண்டு ஒக்டோபரில் மறைந்தார். துன்புற்றவரை மன்னிக்கும்படி அறிவுறுத்தல் எளிது. துன்புறுத்திய இனத்தவருள் ஒருவர் தம்மினத்தின் குற்றத்தை அறிக்கையிடல் அரிது. நாமறிந்தவரை அக்கால ஆட்சியாளரிடம் அது காணப்படவில்லை.

இவற்றை மிகைப்படுத்தலும் தவறு. மேற்கூறியோர் தத்தம் திருச்சபையுட் சிறுபான்மையினரே. பலர் மதகுருமார், கொழுந்து பறிக்கும் பெண் அவர்தம் ஏடுகளிற் பேசப்பட்டாளேயன்றிப் பேசியது குறைவு. நாடற்ற நிலை பெரும்பாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுற்றது. அதற்குத் தொழிற்சங்கங்களின் போராட்டமும் மக்கள் பெற்ற வாக்குப் பலமும் ஆற்றிய பங்கு ஆலயங்களின் பங்கினும் மிகப் பெரிது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, ரொட்டியை நம்பி வாழ்ந்த லயங்கள் 1974ஐ நினைவுகூர்ந்ததில் நியாயமுண்டு. காணியுரிமை அப்போதும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. 2023 யூலை இறுதியில் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியை ஒட்டிய அப்பயணத்தில் கிறிஸ்தவ அமைப்புகளும் பங்கெடுத்தன. அதில் எழுந்த கோரிக்கைகளுள் காணியும் வீடும் நியாயமான கூலியும் இருந்தன.