250 பவுண்டுக்குள் ஒரு ட்ரம் செட்

எங்கள் வீட்டில் இதற்கென்று ஒதுக்கிய காசு 250 பவுண்ட். அதற்கு மேல் போகிறதில்லை என்று இவரும் நானும் முதலே கதைத்து முடிவெடுத்துவிட்டோம். ஜனவரியில் என் வேலை ஒப்பந்தம் முடிந்திருந்தது, புது வேலை ஏப்ரலில்தான் தொடங்க இருந்தது, இடையில் வீட்டுக்கடன் புதுப்பிப்பு வந்து மாதக் கட்டணமும் ஏறிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பது வயது மகள் ட்ரம்ஸ் பழக வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கீபோர்ட் கேட்டிருந்தால் ஒரு மூலையில் வைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு முடித்திருக்கலாம். ட்ரம்ஸ் என்றால் காசு, இடம், சத்தம் மூன்றும் சேர்ந்தே வீட்டுக்குள் வரும்.

இப்போது ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் இருக்கிற சிநேகிதிகள் "என்ன வாங்கினாய், எவ்வளவு முடிஞ்சது?" என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. மாமி இணுவில்காரர். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர் அது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தவில் வாசித்த திருவிழாவைச் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தவர், இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கை தானாகத் தொடையில் தட்டும். அப்படிப்பட்டவர் சொன்னார்: "காசைக் கொண்டுபோய் உந்தத் தகரத்தில போடாமல் மிருதங்க வகுப்புக்கு விடு பிள்ளை."

"மாமி, அவளுக்குக் குச்சியால அடிக்கத்தான் விருப்பமாம்."

"அப்ப தவில் பழகட்டுமே. அதுக்கும் ஒரு கையில குச்சிதானே!"

மாமி சொன்னது பகிடி இல்லை. தவிலில் ஒரு கை விரல்களில் கூடு மாட்டி ஒரு பக்கம், மறு கையில் கட்டைக் குச்சி மறு பக்கம். இரண்டு கையும் இரண்டு வேறு வேலை செய்யும். ட்ரம் செட்டின் அடிப்படையும் அதுதான், கூட இரண்டு கால்கள் சேரும், அவ்வளவுதான். வலது கால் பேஸ் ட்ரம், இடது கால் ஹை-ஹாட், வலது கை தாளத்தைப் பிடித்துக்கொண்டே போக, இடது கை ஸ்னேரில் விழும். இதைச் சொன்னபோது மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாலும் நாலு பக்கம் போகுமோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது தடை சுவர். ஃபாரஸ்ட் கேட்டில் எங்களைப் போல விக்டோரியன் காலத்து வரிசை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே "நூறு வயசு" சொல்லலாம். நிலம் பலகை, அதற்குக் கீழே மரச்சட்டம், அந்தச் சட்டம் பல வீடுகளில் பொதுச் சுவருக்குள்ளேயே செருகியிருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்பவர். பகலில் நித்திரை. சாதாரண ட்ரம் செட்டில் ஒரு ஸ்னேர் அடி 100 டெசிபெல்லைச் சும்மா தாண்டும். இங்கே வேலைத்தளங்களில் ஒரு நாளுக்கான சராசரி 85 டெசிபெல்லை எட்டினாலே காதுக்குப் பாதுகாப்புக் கட்டாயம் என்பதை வைத்துப் பாருங்கள். 1990 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தொல்லை என்று கவுன்சில் முடிவு செய்தால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் வருகிறதோ இல்லையோ, பத்து வருடமாக எங்கள் பார்சலை வாங்கி வைக்கிற மனுசியின் நித்திரையைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

பழைய அகூஸ்டிக் செட்கள் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்பதும் இதில்தான் இருக்கிறது. முழு ஐந்து ட்ரம் செட், சிம்பலோடு, 100 பவுண்டுக்கும் கீழே விளம்பரத்தில் வரும். பார்த்ததும் ஆசை வரும். விற்கிறவர் பெரும்பாலும் அதே சுவர்ப் பிரச்சினையால்தான் விற்கிறார். உங்களுக்குத் தனி வீடு, பின்னால் ஒரு கராஜ், பெருந்தன்மையான அயலவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். தோல் கிழிந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். சிம்பலில் கீறல் வெடிப்பு இருந்தால் வேண்டாம், அது வளர்ந்துகொண்டே போகும். சின்னப் பிள்ளைக்கு 22 அங்குல பேஸ் ட்ரம் பெரிது. 16 அல்லது 18 அங்குலம் உள்ள ஜூனியர் செட் என்றால் டாம்கள் தாழ்வாக நிற்கும், கை எட்டும்.

இந்த ஊரில் ட்ரம்ஸுக்கு ஒரு பழைய கதை உண்டு என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேணும். உட்கிரேஞ்ச் ரோட்டில் 1966 டிசம்பரில் குத்துச்சண்டை வீரர் பில்லி வாக்கர் 'அப்பர் கட்' என்று ஒரு கிளப் திறந்தார். திறப்பு நாளில் வாசித்தது 'தி ஹூ', ட்ரம்ஸில் கீத் மூன். சில நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்தார், ட்ரம்ஸில் மிட்ச் மிட்செல். 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டை அந்த உடைமாற்றும் அறையில்தான் ஹெண்ட்ரிக்ஸ் எழுதினார் என்று ஊரில் சொல்வார்கள். கிளப் ஒரு வருடம்தான் ஓடியது, கட்டிடமும் இப்போது இல்லை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, எலிசபெத் லைனுக்காக அந்த வழியால் தினமும் நடந்து போகிறவள், எனக்கு இது முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. மகளுக்குச் சொன்னேன். அவளுக்குக் கீத் மூனைவிட சிவமணி தண்ணீர்க் கேனில் அடிக்கிற வீடியோதான் பிடித்திருக்கிறது.

சரி, வாங்கின கதைக்கு வருவோம். முதலில் வாங்கியது செட் இல்லை, ஒரு பிராக்டிஸ் பேட். ரப்பர் பூசிய வட்டப் பலகை, 16 பவுண்ட். ஒரு சோடிக் குச்சி 9 பவுண்ட். கடையில் 5ஏ என்று போட்டிருக்கும் குச்சி பெரியவர்களுக்குரிய பொதுவான அளவு. சின்னக் கைக்கு 7ஏ மெல்லியது, அதைக் கேளுங்கள். போனில் இலவச மெட்ரோனோம் ஒன்றை இறக்கி, நிமிடத்துக்கு 60 அடியில் வலது, இடது, வலது, இடது. இரண்டு மாதம் இதுதான். வேணுமென்றே வைத்த சோதனை என்று நினைக்காதீர்கள், கையில் காசும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஒரு விசயம் தெளிவானது: நாங்கள் சொல்லாமலே பள்ளியால் வந்ததும் பேட்டை எடுத்து மடியில் வைக்கிறாள். ஐந்து நாள் அடித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தால் எங்களுக்கு 25 பவுண்டோடு போயிருக்கும்.

பிறகு எலெக்ட்ரானிக் செட். இதில் பெற்றோர் குழம்புகிற இடங்கள் இரண்டு. ஒன்று, பேடின் மேற்பரப்பு. பழைய மலிவு செட்களில் ரப்பர், புதியவற்றில் வலைத்துணி. வலை என்றால் குச்சி துள்ளித் திரும்புவது உண்மையான தோலுக்குக் கிட்ட இருக்கும், அறைக்குள் கேட்கிற 'டக் டக்' சத்தமும் குறைவு. குறைந்தது ஸ்னேராவது வலையாக இருக்கட்டும். இரண்டாவது, கால் பெடல். சிலதில் நிஜப் பெடல் ஒரு பேடை அடிக்கும், சிலதில் வெறும் மிதிகட்டைதான், அடிப்பதற்கு ஒன்றுமில்லை. மிதிகட்டை அமைதியானது, ஆனால் அதில் பழகின கால் பிறகு நிஜப் பெடலில் திண்டாடும். சுருட்டி வைக்கக்கூடிய சிலிக்கன் பாய் மாதிரி ஒன்று 40 பவுண்டுக்கு விற்கிறார்களே, அது விளையாட்டுச் சாமான். குச்சி அதில் துள்ளாது, மெதுவாக அடித்ததற்கும் ஓங்கி அடித்ததற்கும் பெரிய வித்தியாசமும் தெரியாது.

அலெசிஸ் நைட்ரோ, ரோலண்டின் சின்ன டிடி வகைகள் என்று பார்த்தால் புதிதாக எங்கள் காசுக்குள் வராது. ஆகவே பாவித்த செட். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ இரண்டையும் மூன்று வாரம் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு வாங்கிக் கொடுத்த செட்கள் வசந்த காலத்தில் விற்பனைக்கு வரத் தொடங்கும், ஈஸ்டரை ஒட்டித் தேடுங்கள்.

ரொம்ஃபோர்டில் ஒன்று, 120 பவுண்ட். போய்ப் பார்க்கும்போது மடிக்கணினியையும் ஒரு யுஎஸ்பி வயரையும் கொண்டு போனேன். இவருக்கு வெட்கம். "வீடு வாங்கிறமாதிரி சேர்வேயரையும் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?" என்றார். ஆனால் எலெக்ட்ரானிக் ட்ரம் என்பது மென்பொருள்காரருக்கு நல்லாகப் புரிகிற சாமான். ஒவ்வொரு அடியும் ஒரு மிடி செய்தி: எந்த வாத்தியம் என்று ஒரு எண், எவ்வளவு பலம் என்று 1 முதல் 127 வரை இன்னொரு எண். பேஸ் ட்ரம் பொதுவாக 36, ஸ்னேர் 38. மிடி செய்தியைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. மெதுவாகத் தட்டினால் 20, 30 வரவேணும், ஓங்கினால் 110, 120. ரொம்ஃபோர்ட் செட்டில் காலால் எப்படி மிதித்தாலும் 127 தான் வந்தது. ஸ்னேரில் ஒரு அடிக்கு இரண்டு செய்தி. அந்த இரட்டை அடியை மாட்யூலின் அமைப்பில் கொஞ்சம் சரிசெய்யலாம், ஆனால் கால் பேடின் சென்சார் போய்விட்டால் அது செலவு. விற்கிற பெடியனுக்கே அது தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

கணினி இல்லாமலும் பார்க்கலாம். ஹெட்ஃபோனை மாட்டி ஒவ்வொரு பேடையும் நடுவிலும் ஓரத்திலும் மெதுவாக, பலமாக அடியுங்கள். ஒன்றை அடிக்கும்போது பக்கத்துப் பேட் சேர்ந்து ஒலிக்கிறதா? ஹை-ஹாட் பெடலை மெல்ல மெல்ல அமத்தினால் சத்தம் திறந்ததிலிருந்து மூடியதுக்கு மாறுகிறதா? வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். சட்டத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளாம்ப்களில் வெடிப்பு இருக்கிறதா? கரண்ட் அடாப்டர் செட்டோடு வந்ததுதானா என்று வோல்ட் எண்ணைப் பார்த்துக் கொள்ளுங்கள். வேறு ஏதோ அடாப்டர் மாட்டி மாட்யூல் எரிந்தால் மிச்சம் எல்லாம் வெறும் ரப்பரும் கம்பியும்தான்.

இரண்டாவது வீடு வால்தம்ஸ்டோ. ஸ்னேர் மட்டும் வலை, மற்றவை ரப்பர், நிஜப் பெடல். கேட்டது 180. ஸ்டூல் இல்லை, ஹெட்ஃபோன் இல்லை, அவர்களும் அடுத்த வாரம் வீடு மாறுகிறார்கள். 150க்குத் தந்தார்கள். சட்டத்தை மடித்தால் சாதாரணக் காரின் பின் இருக்கையில் போகும். கழற்ற முன் எந்த வயர் எங்கே என்று படம் எடுத்து வையுங்கள்.

எலெக்ட்ரானிக் என்றால் சத்தமே இல்லை என்பதுதான் எல்லோரும் நம்புகிற பொய். காற்றால் போகிற சத்தம் குறைவு, உண்மை. ஆனால் கால் மிதி நேரே பலகைக்குள் இறங்கும், அங்கிருந்து சட்டம், அங்கிருந்து சுவர். பக்கத்து வீட்டில் 'தும் தும்' என்றுதான் கேட்கும். கம்பளம் போட்டால் போதும் என்பார்கள், அது செட் வழுக்காமல் இருக்கத்தான் உதவும். பழைய வைத்தியம் டென்னிஸ் பந்து: இரண்டு தடித்த எம்டிஎஃப் பலகை, இடையில் பந்துகள் உருண்டு ஓடாதபடி கீழ்ப் பலகையில் வட்டத் துளைகள், மேலே செட். இவர் ஒரு சனிக்கிழமை முழுக்க அதைச் செய்தார். பலகையும் பந்தும் 29 பவுண்ட். துளை வெட்டும் கருவி அவருடைய சிநேகிதருடையது. முடித்ததும் நான் பக்கத்து வீட்டுக்குப் போய் அவருடைய படுக்கை அறையில் நிற்க, மகள் இங்கே மிதித்தாள். உற்றுக் கேட்டால் லேசாக இருந்தது. அவரே சொன்னார்: பின்னேரம் நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் தனக்குப் பிரச்சினை இல்லை, வேலைக்குப் போகிற நாளென்றாலும் அந்த நேரம் எழும்பிவிடுவேன் என்று. அந்த நேரத்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். மகள் சில நாள் ஆறு இருபத்தொன்பது வரைக்கும் அடிப்பாள், ஒரு நிமிடமும் கூடாது.

ஸ்டூலுக்கு 32 பவுண்ட். சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருத்தி அடிக்க விடாதீர்கள், முழங்கால் சரியான உயரத்தில் இல்லாவிட்டால் கால் களைத்துப்போகும். ஹெட்ஃபோன் என்னுடைய வேலைக்கான பழையது, காதை மூடுகிற வகை. மாட்யூலில் சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றக்கூடாது என்று குமிழில் நகப்பூச்சால் ஒரு கோடு கீறிவிட்டேன். ஆக 16, 9, 150, 32, 29. மொத்தம் 236.

வகுப்புக் காசு இதில் இல்லை, அது தனிக் கதை. அதற்கு முதல் பள்ளியில் கேளுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் இசை வகுப்பு எடுத்தால், பள்ளி வழியாக வாட் வரி இல்லாமல் கருவி வாங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. வயலின், கிட்டார் பெற்றோருக்கு நல்ல உதவி. பிள்ளை தூக்கிக்கொண்டு போகக்கூடிய கருவியாக இருக்க வேணும் என்பது அதில் ஒரு நிபந்தனை, முழு ட்ரம் செட்டுக்கு அந்த இடத்தில் இடிக்கும். உங்கள் பகுதி மியூசிக் ஹப்பிடம் இரவல் கருவி பற்றியும் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

மிஞ்சிய 14 பவுண்டில் 4 பவுண்ட் போன கிழமை போனது. ஹெட்ஃபோன் ஓட்டையில் மாட்டுகிற ஸ்ப்ளிட்டர் ஒன்று. ஹெட்ஃபோன் இல்லாமல் மாமிக்குக் கேட்பது வெறும் ரப்பர்ச் சத்தம்தானே, "என்ன அடிக்கிறாள் எண்டு விளங்கேல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். இப்போது பின்னேரம் நாலரைக்குத் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டு, இரண்டாவது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இருக்கிறார். நேற்று மகளை நடுவில் நிற்பாட்டி, "குஞ்சு, மூண்டாவது அடி முந்துது, திருப்பி அடி" என்றார். போனை எடுத்து மெட்ரோனோமைப் போட்டுப் பார்த்தோம். உண்மையாகவே முந்தித்தான் இருந்தது.