வேது பிடிக்கலாகாத ஜலதோஷம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வந்து வீசும் காற்றினால்தான் கோயமுத்தூர்ச் சீமைக்கு இதமான சீதோஷ்ணம் வாய்த்திருக்கிறதென்று பூகோளப் புத்தகங்கள் புகழ்வது முற்றும் உண்மையே. ஆனால் அந்தக் காற்றுக் காலத்திலும், அதற்குப்பின் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் நாட்களிலும், சிங்காநல்லூர் தொடங்கிப் பொள்ளாச்சி வரையில் வீட்டுக்கு வீடு தும்மலும் இருமலும் கேட்பதும், நொச்சித்தழை கொதிக்கும் வாசனை வாசல்வரை வருவதும் அதேபோல் உண்மை. ஜலதோஷத்தை வியாதிகளின் வரிசையில் சேர்க்க இங்கே யாரும் சம்மதிப்பதில்லை. "சளிதானுங்க, மூணு நாள்ல போயிரும்" என்று சொல்லிவிட்டு மில்லுக்கோ தோட்டத்துக்கோ கிளம்பிவிடுவார்கள். அப்படிச் சொல்லிக் கிளம்ப இயலாத சிலரும் இந்த ஊர்களில் வாழ்கிறார்கள், அவர்கள் எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் கண்டவர்கள்.

1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து சால்பெட்ரியேர் வைத்தியசாலையில் ஷார்க்கோ என்னும் பண்டிதர் தெளிவாக வர்ணித்துப் பெயரிட்ட இந்த ரோகத்தில், சரீரத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி பேதலித்தாற்போல் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்கி அரித்துவிடுகிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பிராயத்தில், ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாக அது நாடுகிறது. குளிர்தேசத்து வியாதியென்று நெடுங்காலம் நம்மவர்கள் கருதியிருந்ததுண்டு. ஆனால் 2014-இல் வெளியான மங்களூர் நகரக் கணக்கெடுப்பு, அங்கே லட்சத்துக்கு 8 பேருக்குச் சற்று மேல் இந்த ரோகம் உண்டென்று காட்டியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதன் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இனி, இந்த ரோகம் உள்ள ஒரு பெண்மணிக்குச் சாதாரண ஜலதோஷம் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மாமியார் பாசத்தோடு குண்டாவில் நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, கெட்டிக் கம்பளியால் மருமகளைப் போர்த்தி, "நல்லா இழுத்து வேது புடி கண்ணு" என்கிறார். பத்து நிமிஷம் கழித்துக் கம்பளியை விலக்கினால் மூக்கு திறந்திருக்கிறது. கண்ணோ மங்கி, எதிரே தொங்கும் காலண்டரின் தேதி புகைபோலத் தெரிகிறது, எழுந்தால் கால் துவள்கிறது. வீட்டார் பதறிப்போவதில் ஆச்சரியமென்ன? மின்கம்பியின் உறை தேய்ந்த இடத்தில் மின்சாரம் கசிவதுபோல, மேலுறை அழிந்த நரம்பில் சமிக்ஞை ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் செல்கிறது. உடலின் உஷ்ணம் அரை டிகிரி ஏறினாலே அது நின்றுபோகக்கூடும். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்கும் நோயாளிகளைக் கண்டு 1890-இல் இதைப் பதிவு செய்தவர் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர். எம்.எஸ். உண்டா இல்லையா என்று கண்டறிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்த காலமும் ஒன்றிருந்தது. வேது, தீபாவளி எண்ணெய்க் குளியல், சித்திரை வெயில், ஜுரம் ஆகிய நான்கும் இவ்விஷயத்தில் உடன்பிறந்தவை. உஷ்ணம் தணிந்தால் பார்வையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆதலால் இதைப் போலித்தாக்குதல் என்பார்கள். ஜுரமும் தொற்றும் இல்லாதபோது புதிதாய் ஓர் உபத்திரவம் தோன்றி ஒரு முழுநாளுக்கு மேல் நீடித்தால்தான் மெய்யான தாக்குதலோ என்று ஐயுறவேண்டும்.

அண்டை அயலாரின் சித்தாந்தமோ வேறு. "எதிர்ப்புச் சக்தி கம்மி, அதனாலதான் அடிக்கடி சளி புடிக்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவின் அரிஸோனாவில் சிப்லி என்பவரும் அவருடைய சகாக்களும் 170 நோயாளிகளையும் 134 ஆரோக்கியவான்களையும் எட்டு வருஷம் கவனித்து 1985-இல் வெளியிட்ட முடிவு இந்தத் தீர்ப்பைத் தலைகீழாக்குகிறது. நோயாளிகளுக்குச் சளி, காய்ச்சல் போன்றவை மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தன. ஊனம் மிகுந்தவர்களுக்கு இன்னும் குறைவு. கூட்டத்தில் கலப்பது குறைந்ததும் காரணமாயிருக்கலாம். ஆனால் அப்படி ஒரு தொற்று வந்தபோது, அதற்கு இரண்டு வாரம் முன்னும் ஐந்து வாரம் பின்னுமான அந்த இடைவெளியில், எம்.எஸ்.ஸின் மெய்யான தாக்குதல் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நேர்ந்தது. ஆக, அடிக்கடி வருகிறதா என்பதல்ல கேள்வி. வந்தால் என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறது என்பதே.

எதிர்ப்புச் சக்தி குறைவுபட்டதன்று, வழிதவறியது என்று உணர்ந்தால், அதை மேலும் தூண்டுவதாகச் சொல்லிக்கொண்டு கடைகளில் விற்கும் சூரணங்களின்மேல் ஒரு சந்தேகம் பிறக்காமற்போகாது. கொரோனா காலத்தில் வீதிதோறும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரில் சீந்திலும் ஒரு சரக்கு. சீந்திலை உட்கொண்டு கல்லீரல் பழுதுற்ற சிலரைப்பற்றி மும்பை வைத்தியர்கள் 2021-இல் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயமாயினும், குடிக்குமுன் நரம்பியல் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் நஷ்டமில்லை. மருந்துகளிலும் பேதமுண்டு. இன்டர்ஃபெரான் ஊசி போட்ட இரவில் ஃப்ளூ கண்டதுபோலவே உடம்பு வலிக்கும், நடுக்கும், அது தொற்றன்று. இந்தியாவில் விலை கருதிப் பலருக்குக் கொடுக்கப்படும் ரிடுக்ஸிமாப், சில ரத்த அணுக்களை அடியோடு குறைப்பதால், தொற்றுக்கு இடம் கொடுக்கிறது; மெய்யாகவே எதிர்ப்புச் சக்தி தளர்வது அங்கேதான்.

தொற்றைத் தவிர்ப்பதில், கொங்கு நாட்டில் மருந்து விஷயத்தினும் கஷ்டமான காரியம் ஒன்றுண்டு: சளியோடு வந்தவரை வாசலில் நிறுத்துவது. முகம் கண்டவுடன் "வாங்க, வாங்க" என்பது இங்கே மூச்சுப்போல் வருகிறது. நோவு விசாரிக்க வராத உறவைச் சீர் வீட்டில் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நிற்கும் சித்தியிடம், "ஏனுங் சித்தி, சளி விட்டதுக்கப்புறம் வாங்களேன்" என்று சொல்ல எந்த மருமகளுக்குத் துணிவு வரும்? அதைக் கணவனோ மாமனாரோ சொல்லவேண்டும் என்பது என் துணிபு. முகக்கவசம் போட்டுப் பழகிய தலைமுறை என்பதால் இப்போது சற்றுச் சுலபம்.

அப்படி வாசலில் நிறுத்தவேண்டிய தொற்றுகளுள், ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸாவைப் பொறுத்தமட்டில் நமக்கு அண்டையிலேயே ஒரு சரித்திரம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வருகிற குன்னூரில் 1907-இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் ஸ்தாபனத்தில்தான் இந்தியாவின் இன்ஃப்ளூயன்ஸா நிலையம் நடந்தது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ரஜூலா கப்பலோடு ஆசிய ஃப்ளூ இந்நாட்டில் கால்வைத்தபோது, அதன் போக்கை ஆராய்ந்து எழுதியவர் அந்நிலையத்தைச் சேர்ந்த ஐ. ஜி. கே. மேனன்.

ஃப்ளூ தடுப்பூசி போட்டால் எம்.எஸ். கிளம்பிவிடும் என்ற பயம் வைத்தியர்களுக்கே ஒருகாலத்தில் இருந்தது. ஐரோப்பிய நோயாளிகளை ஆராய்ந்து 2001-இல் கான்ஃபாவ்ரோ குழுவினர் வெளியிட்ட கட்டுரை, தடுப்பூசிக்கும் தாக்குதலுக்கும் சம்பந்தமில்லையென்று காட்டிற்று. செயலிழந்த கிருமியாலான ஊசி தகும். உயிர்க்கிருமி கொண்டு மூக்கில் விடும் மருந்தை இவர்கள் தவிர்க்கவேண்டும். ரிடுக்ஸிமாப் பெறுகிறவர்கள் அடுத்த தவணைக்குச் சில வாரம் முன்பாகவே ஊசியை முடித்துக்கொள்வது நலம். பின்னால் போட்டால் அதன் பலன் பாதியாகிவிடலாம். கோவைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதால், புரட்டாசிக்குள் வைத்தியரைக் கண்டு தேதி கேட்டுக்கொள்ளலாம். நோயாளியோடு நிற்காமல் வீட்டிலுள்ள மற்றவர்களும், முக்கியமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் சளியைக் கொண்டுவரும் குழந்தைகளும், அதே நாளில் போட்டுக்கொண்டால் இரண்டாம்முறை அலையவேண்டியதில்லை.